முறைப்பெயரும் விளியும்

பெங்களூரில் வாழும் தமிழ்ப்பெண் ஒருத்தி போலந்து நாட்டு இளைஞர் ஒருவரை மணக்கவிருக்கிறாள் எனக் கொள்வோம். அவருடன் பேச ஆங்கிலம் போதும். ஆங்கிலம் அறியாத அவர்தம் பாட்டியுடன் எவ்வாறு பேசுவது? அதற்காகவே அவள் போலிய மொழியை முறைப்பெயர்களிலிருந்து கற்கத் தொடங்குகிறாள்.

முதலிலேயே ஓர் இடறல். தமிழில் 'தாத்தா', கன்னடத்தில் 'தாத', பொருள் ஒன்றே. போலிய மொழியிலோ அதையொத்து ஒலிக்கும் சொல் தந்தையைக் குறிக்கும். 'மாமா' என்பது தாயைக் குறிக்கும்! மாமனாரை நம் வழக்கப்படி அழைத்தால் வீடே சிரிக்கும்.

இலக்கணம் அவ்வளவு அயலானதன்று. நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்கு ஏழு. நம் எட்டாம் வேற்றுமையாகிய விளி அங்கும் உண்டு. 'அண்ணன்' என்பது விளிக்கும்போது 'அண்ணா' என ஈறு திரிகிறதன்றோ? அதுபோலப் பாட்டியைக் குறிக்கும் 'பாப்சா', 'பாப்சு' ஆகும். 'மாமா', 'மாமோ' ஆகும். மணமானபின் மருமகளும் மாமியாரை 'மாமோ' என்றே அழைப்பது அங்குள்ள வழக்கம். அதுவரை 'பானி' என்னும் மரியாதைச் சொல்லே பொருந்தும். இந்தி பயிலும் நீங்கள் தண்ணீர் கொண்டுவந்துவிடாதீர்கள்!

பயிற்சி
1. தம்பி, மகன், தோழி: விளி வடிவம் எழுதுக.
2. விளிக்கும்போது ஈறு திரியாத முறைப்பெயர்கள் இரண்டினை உங்கள் வீட்டு வழக்கிலிருந்து எழுதுக.