விண்ணுயிரியலும் ஆனையிறவு உப்பளமும்

பூமிக்கு அப்பால் உயிர் உண்டோ என ஆராயும் துறை விண்ணுயிரியல் எனப்படும். அதன் முன்னோடிகளுள் ஒருவர் இலங்கையின் காலி நகரிற் பிறந்த சிறில் பொன்னம்பெரும (1923–1994). 1969இல் அவுத்திரேலியாவில் வீழ்ந்த மேச்சிசன் விண்கல்லில் அமினோவமிலங்கள் இருத்தலை அவர்தங் குழுவினர் 1970இல் அறிவித்தனர். கல்லைக் கையிலெடுத்து ஆய்ந்து பெற்ற அறிவு அது. ஏட்டுப் படிப்பினால் மட்டும் இத்துறை கைவாராது.

வன்னி மாணாக்கர் இப்பயிற்சிக்கு எங்குச் செல்வர்? கிளிநொச்சி மாவட்டத்து ஆனையிறவு உப்பளத்தையே யாம் காட்டுவோம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. பாத்திகளில் நீர் வற்ற வற்ற உவர்ப்பு ஏறி, ஈற்றில் உப்பு விளைகின்றது. மீன் வாழவொண்ணாத அச்செறிநீரிலும் வாழவல்ல நுண்ணங்கிகள் உள. தூனலியெல்லா என்னும் அல்கா, தன் கலத்துள்ளே கிளிசரோலைச் சேர்த்து நீரிழப்பைத் தடுத்துக்கொள்ளும். உலகின் உப்பளங்கள் பல செந்நிறங் கொள்வதும் இத்தகைய உயிர்களினாலேயே. செவ்வாயில் குளோரைட்டு உப்புப் படிவுகள் உண்டென்பது 2008இல் அறிவிக்கப்பட்டது. ஆகலின் உவர்நீர் உயிர்களைப் பயில்வது செவ்வாயை நாடுவோர்க்கும் முதற்பாடமாம்.

செல்லுமுன் உரியோரின் அனுமதி பெறுக. கண்ணிவெடி அகற்றப்பட்ட இடத்தன்றி அடி வையற்க.

அறியும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என நம் அளவை நூலோர் வகுத்தனர். மாணாக்கர் குறிப்பேட்டையும் அவ்வாறே மூன்று பத்தியாக்குக. ‘நீர் சிவந்துள்ளது’ என்பது காட்சி. ‘உயிரினாற் சிவந்தது’ என்பது கருதல். நூல் கூறுவது உரை. கருதலைச் சோதித்தல் வேண்டும். உப்புக் கரைத்துக் கொதிக்கவைத்து ஆற்றிய நீரை ஒரு போத்தலில் உடன்கொண்டு சென்று, பாத்தியருகே திறந்து மூடிக் கொணர்க. நுணுக்குக்காட்டியில் அந்நீரிலும் அதே உயிர் தென்படின், அது நம் கையாலோ கலத்தாலோ வந்ததென ஐயுறுக.

இவ்வையம் வீணன்று. 2012 திசம்பரில் பொலன்னறுவைப் பகுதியிற் கிடைத்த கற்களில் விண்ணினின்று வந்த தயற்றங்கள் உளவென ஓர் ஆய்வுக்குழு 2013இல் அறிவித்தது. அவை விண்கற்களே என்பது நிறுவப்படவில்லை என்றும், நிலத்து நன்னீருயிர்கள் கலந்திருக்கலாம் என்றும் அறிஞர் பலர் மறுத்தனர். காட்சியைக் கருதல் முந்திய கதை அது.

தமிழாசிரியர் அறிவியல் பேசுவதோ எனப் பழைய மாணவர் நகைக்கலாம். கண்டதையும் கருதியதையும் வேறுபிரித்து எழுதப் பழக்குவது எம் தொழிலுமாகும். யூபிலி நினைவாக நுணுக்குக்காட்டி ஒன்றும், ஒருநாட் பயணத்துக்குப் பேருந்துச் செலவும் அவர்கள் உதவுவராயின், விண்ணை வினவும் முதல் வகுப்பை உப்பளத்திலேயே தொடங்கலாம்.