மரபணு அடங்கியதா? அளக்கும்போது கவனிக்க வேண்டியவை

21 நியூக்ளியோடைடு நீளமுள்ள எஸ்ஐஆர்என்ஏ (siRNA) என்னும் குறு ஆர்என்ஏ பாலூட்டிகளின் செல்களிலும் மரபணுவை அடக்கும் என்று டஷ்ல் குழுவினர் 2001-இல் காட்டினார்கள். அன்று அவர்கள் அடக்கிக் காட்டியவற்றுள் ஒன்றான லேமின் ஏ/சி, இன்றும் பல ஆய்வகங்களில் பாசிட்டிவ் கன்ட்ரோல். ‘80 சதவீதம் அடங்கியது’ என்று எழுதுமுன், எதை, எப்போது, எதோடு ஒப்பிட்டு அளந்தோம் என்பதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• எந்த மரபணுவையும் குறிவைக்காத எஸ்ஐஆர்என்ஏ கொடுத்த செல்களோடு ஒப்பிடுங்கள். எதுவுமே கொடுக்காத செல்களும் தட்டில் இருக்கட்டும். டிரான்ஸ்ஃபெக்‌ஷன் வினைப்பொருளே செல்களை எவ்வளவு வாட்டுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

• எம்ஆர்என்ஏ, புரதம் இரண்டையும் அளந்து பாருங்கள். எம்ஆர்என்ஏ ஒரே நாளில் சரிந்துவிடலாம். ஏற்கெனவே உருவான புரதமோ தன் ஆயுள் முடியும்வரை செல்லில் இருக்கும். அரை ஆயுள் நீண்ட புரதத்தை 24 மணி நேரத்தில் பார்த்துவிட்டு ‘அடங்கவில்லை’ என்று கைவிடுவது பெரிய இழப்பு. 48, 72, 96 மணி என்று தொடர்ந்து பாருங்கள்.

• வெஸ்டர்ன் பிளாட்டில் கன்ட்ரோல் மாதிரியை 100, 50, 25, 12.5 சதவீதமாக நீர்க்கச் செய்து, அதே ஜெல்லில் பக்கத்து லேன்களில் ஓட்டுங்கள். அடக்கிய மாதிரியின் பட்டை 25 சதவீத லேனோடு ஒத்துப்போனால், மிச்சம் ஏறத்தாழ கால் பங்கு. மென்பொருள் தரும் எண்ணைவிட இதையே நான் நம்புவேன்.

• ஒரே மரபணுவின் வெவ்வேறு இடங்களைக் குறிவைக்கும் இரண்டு எஸ்ஐஆர்என்ஏக்களாவது வேண்டும். இரண்டும் ஒரே விளைவைத் தர வேண்டும். அந்த எஸ்ஐஆர்என்ஏவுக்குச் சிக்காதபடி மாற்றிய மரபணுவைச் செல்லுக்குள் கொடுத்து, பழைய நிலை திரும்புகிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதியான சான்று.

செய்யக்கூடாதவை

• எம்ஆர்என்ஏவை க்யூபிசிஆரில் அளக்கும்போது வரும் சிடி (Ct, சுற்று எண்) வேறுபாட்டை அப்படியே சதவீதமாகப் படிக்காதீர்கள். பிரைமர் முழுத் திறனோடு இயங்கினால் 1 சுற்றுத் தாமதம் என்பது பாதி, 2 என்பது கால் பங்கு, சுமார் 3.3 வந்தால்தான் 90 சதவீத அடக்கம்.

• பழக்கத்தால் ஜிஏபிடிஎச் ஒன்றையே ஒப்பீட்டு மரபணுவாக வைக்காதீர்கள். உங்கள் சோதனையில் அதுவும் ஏறி இறங்கலாம்.

• ஒரே குழியில் எடுத்த ஆர்என்ஏவை மூன்று முறை அளந்துவிட்டு, மூன்று சோதனைகள் என்று எழுதாதீர்கள்.

• ஒளிரும் எஸ்ஐஆர்என்ஏ செல்லுக்குள் தெரிகிறது என்பதை வைத்து அடக்கத்தை முடிவு செய்யாதீர்கள். அது எண்டோசோமிலேயே அடைபட்டுக் கிடக்கலாம்.

• அடக்கம் போதவில்லை என்றால் உடனே எஸ்ஐஆர்என்ஏவின் செறிவைக் கூட்டாதீர்கள். செறிவு ஏற ஏற, குறிவைக்காத மரபணுக்களும் அடங்கும். முதலில் வேறு வரிசையை முயன்று பாருங்கள்.