வெறும் பையைத் தூக்கிப் பாருங்க!

புதுப் பை வாங்கப் போறீங்களா? பொம்மைப் படத்தைப் பார்த்து மயங்காதீங்க. முதலில் வெறும் பையைத் தூக்கிப் பாருங்க.

தோள்வலி தாங்காமல், பழைய பேப்பர் கடைத் தராசில் என் பையை வைத்தேன். 6 கிலோ 200 கிராம்! என் எடையே 38 கிலோதான். 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கைப்படி, பையின் கனம் நம் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அப்படின்னா எனக்கு 3 கிலோ 800 கிராம்.

வெறும் பை மட்டும் 1 கிலோ 100 கிராம் இருந்தது. தடி ரெக்சின், அடியில் அட்டை, எதுக்குன்னே தெரியாத ஜிப்புகள். கும்மிடிப்பூண்டி பஜாரில் நாலு கடை ஏறி இறங்கி, 400 கிராம் நைலான் பை வாங்கினோம். "தராசு கேட்ட முதல் ஆள் நீதாம்மா" என்று கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்!

பட்டை இரண்டும் அகலமாக, பஞ்சு வைத்து இருக்கணும். ஒல்லிப் பட்டை தோளை அறுக்கும். ஒரே தோளில் மாட்டினால் உடம்பு அந்தப் பக்கமே சாயும். பை இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது. கனமான புத்தகம் முதுகை ஒட்டி இருக்கணும்.

(மால்குடி கதைகள் எழுதிய ஆர்.கே.நாராயண் மாநிலங்களவையில் முதன்முதலாகப் பேசியதே புத்தகப் பைச் சுமை பற்றித்தான்!)

ஒரு லிட்டர் பாட்டிலுக்குப் பதில் அரை லிட்டர், கால அட்டவணைப்படி மட்டும் புத்தகம். இப்போ 4 கிலோ. இன்னும் 200 கிராம் அதிகம். ஆசிரியர்களே, ஒரு லாங் சைஸ் நோட்டை மட்டும் வகுப்பு அலமாரியில் வைத்துவிட்டுப் போகலாமா?