நிலம் புதைத்த தேறல்

புறநானூற்று 120-ஆம் பாட்டிற் கபிலர், பாரியின் பறம்பு நாட்டில் மண்ணிற் புதைத்து முதிர்வித்த தேறலைக் குறிக்கின்றார். பறம்பென்பது நம் புதுக்கோட்டை எல்லைக்கு அணித்தாகிய பிரான்மலை. புதைத்தது ஏன் என்பதே நம் வினா.

நொதிக்குங்கால் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சாராயமாக்குவதோடு வெப்பத்தையும் வெளிவிடும். அவ்வெப்பம் நீங்காவிடின் நொதித்தல் விரையும், விரையவே வெப்பம் மேலும் மிகும், சுவை கெடும். ஆதலின் லாகர் என்னும் பீர் வகையை 8 முதல் 12 பாகை செல்சியஸுக்குள் நிறுத்துவர். இதன்பொருட்டே 1870-களிற் கார்ல் லிண்டேயின் குளிர்பொறியைப் பீர் வடிப்போர் அவாவி ஏற்றனர். இந்நாளில் வீட்டில் வடிப்போரும் குளிர்நீரைக் குழாய்ச்சுருள் வழியே கலத்துட் சுழலவிடுகின்றனர். பறம்பினர்க்குப் பொறி இல்லை, மண் இருந்தது. சித்திரை வெயிலிலும் ஆழத்து மண் பகலிரவு வேறுபாடின்றி ஒருபடித்தாய் நிற்குமன்றோ!

கள் நமக்கு வேண்டா. 1987 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடையுமுண்டு. ஆயினும் இட்டலி மாவும் நொதிப்பதே. அக்கினி நட்சத்திரத்து இரவில் மின்சாரம் நின்று மாவு புளித்து வழிந்தால், இட்டலி விற்றுப் பிழைக்கும் கைம்பெண்ணுக்கு அன்றைய முதலே போயிற்று. பாத்திரத்தை அகன்ற தாம்பாளத்து நீரில் வைத்து, ஈரத்துணி சுற்றி, அதன் ஓரம் நீரில் தோயவிடுக. ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். கோட்டைப்பட்டினக் கரையோர ஈரக்காற்றில் இஃது அத்துணைப் பயன்படாது. ஆண்டுக் கிணற்றுநீரை மாற்றி மாற்றி ஊற்றுதலே தகும்.