எந்த எண் எந்தக் கணத்தில்?

√9, 22/7, 0.333..., √2 ஆகியவற்றுள் விகிதமுறா எண் எது? வகுப்புத் தேர்வில் இவ்வினா வந்தபோது எங்களில் பலர் நான்கையும் எழுதிவிட்டோம். ஒன்றே ஒன்றுதான் சரி.

எலுமிச்சம்பழங்களை எண்ண உதவும் 1, 2, 3... இயல் எண்கள். கூடை காலியானால் 0 வேண்டும்; அதையும் சேர்த்தால் முழு எண்கள். கடைக்காரரிடம் கடன் வைத்தால் -1, -2 என்று இறங்குகிறோம், அப்போது முழுக்கள்.

இரு முழுக்களின் விகிதமாக, கீழே பூச்சியம் வராமல் எழுதக்கூடியவை விகிதமுறு எண்கள். இவை நம் பாட்டிமாருக்குப் பழகியவையே. ராகி அளக்கும் படியில் பாதி உரி, காற்பங்கு உழக்கு, அரைக்கால் பங்கு ஆழாக்கு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) வரை மனப்பாடம் செய்தார்கள். (நமக்கு 16-ஆம் வாய்ப்பாடே தடுமாறுகிறது!) இப்பெயர்களின் பகுதிகள் எல்லாம் 2, 5 ஆகியவற்றின் பெருக்கமே. ஆகவே தசமத்தில் முடிந்துவிடும், முந்திரி 0.003125. மூன்றில் ஒரு பங்கு அப்படியன்று, 0.333... என்று ஓடும். முடியாவிட்டாலும் அது 1/3 தானே? எனவே விகிதமுறு எண்.

√9 என்பது 3, இயல் எண். 22/7 பார்த்தாலே விகிதம். ‘பை’ அதற்கு அருகில் இருக்கிறதே தவிர, அதுவே அன்று. ‘பை’ விகிதமுறா எண் என்று 1761-இல் லாம்பர்ட் நிறுவினார்.

மீதி √2. பக்கம் 100 மீட்டர் உள்ள சதுர வயலின் மூலைவிட்டம் 100√2 மீட்டர். நாடா 141.4 என்று ஏறத்தாழத்தான் காட்டும். எத்தனை முந்திரி சேர்த்தாலும் கணக்குத் தீராது. ஏன்?

√2 = அ/ஆ என்று பொதுக்காரணி இல்லாத பின்னமாகக் கொள்வோம். அப்போது அ² = 2ஆ². அ² இரட்டை எண். ஒற்றையின் வர்க்கம் ஒற்றையே என்பதால் அ-வும் இரட்டை. அ = 2இ என்க. 4இ² = 2ஆ², அதாவது ஆ² = 2இ². ஆகவே ஆ-வும் இரட்டை. இரண்டையும் 2 வகுக்கிறது. பொதுக்காரணி இல்லை என்றோமே! எனவே அத்தகைய பின்னமே கிடையாது.

இதே வழியை √4-க்கும் முயன்று பார்த்தோம். அ = 2இ என்றதும் ஆ² = இ² என்று வந்தது. ஆ இரட்டை என்று சொல்ல இடமில்லை, முரண்பாடும் எழவில்லை.