பாலையில் ஒரு பந்தயத் தடம்

தமிழ் பயில்வோர்க்குப் பாலை என்னும் சொல் புதியதன்று. ஐந்திணைப் பகுப்பில் பாலைக்கெனத் தனி நிலம் இல்லை என்பதும், முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே பாலை எனப்பட்டது என்பதும் வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் கூறி வருவன. மழை பெய்தால் நம் பாலை மீண்டும் முல்லையாகிவிடும். எந்நாளும் பாலையாகவே கிடக்கும் நிலம் ஒன்றில், மணலைத் தவிரப் பிறிதொன்றும் இல்லாத வெளியில், உலகின் விரைவுமிக்க தானுந்துகள் ஓடுதற்கென ஒரு பாதை அமைக்கப்பெற்ற வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். அப்பாதை பஹ்ரைன் நாட்டில் சகீர் என்னுமிடத்தில் உள்ளது.

தமிழ்த்துறை மலரில் தானுந்துப் பந்தயம் எதற்கு என வினவுவோர் இருக்கலாம். நம் மாணவர் பலர், தந்தையரும் தமையன்மாரும் வளைகுடா நாடுகளில் உழைத்து ஈட்டிய பொருளைக் கொண்டே இங்குப் பயில்கின்றனர். ஆயினும் அந்நாடுகளைப் பற்றிய நம் அறிவு சம்பளம், விசா, விமானக் கட்டணம் என்னும் மூன்றைத் தாண்டுவதில்லை. அக்குறையைச் சிறிதேனும் போக்கவே இம்முயற்சி.

நாடும் பெயரும்

பஹ்ர் என்னும் அரபுச் சொல் கடலைக் குறிக்கும். பஹ்ரைன் என்பது இரு கடல் எனப் பொருள்படும். தமிழில் ஒருமை, பன்மை என எண் இரண்டே. அரபு மொழியிலோ, வடமொழியைப் போலவே, இருமையும் உண்டு. அவ்விருமை ஒரு நாட்டின் பெயரிலேயே நிலைத்துவிட்டது.

800 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்புடைய இத்தீவு நாடு நெடுங்காலம் முத்தால் வாழ்ந்தது. முத்துக்குளித்தல் என்றவுடன் மன்னார் வளைகுடாவும், காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களும் நம் நினைவுக்கு வரும். அவ்வகையில் பஹ்ரைன் நமக்குத் தொழில்வழி உறவினதே. சப்பானியரின் வளர்ப்பு முத்துகள் உலகச் சந்தைக்கு வந்தபின் முத்து வாணிகம் நலிந்தது. நலிந்த அக்காலத்திலேயே, 1932-ஆம் ஆண்டில், ஜபல் துக்கான் என்னும் குன்றின் அருகே எண்ணெய் பீறிட்டது. வளைகுடாவின் அரபுக் கரையில் முதன்முதலாக எண்ணெய் கண்டறியப்பட்ட இடம் அதுவே. முதலில் கண்ட நாடாயினும் மிகுதியாகக் கண்ட நாடன்று. அண்டை நாடுகளை நோக்கப் பஹ்ரைனின் எண்ணெய் வளம் சிறிது. எனவே வங்கித் தொழில், அலுமினியம், கப்பல் செப்பனிடுதல் எனப் பிற வழிகளை அது முன்னரே நாடிற்று. 1986-இல் சவூதி அரேபியாவோடு இணைக்கும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளக் கடற்பாலம் திறக்கப்பட்டபின், வார இறுதியில் வந்து செல்வோர் தொகையும் பெருகிற்று. பந்தயத் தடம் எழுந்த சூழல் இது.

தடம் உருவான வரலாறு

பட்டத்து இளவரசர் சல்மான் பின் ஹமத் அல் கலீஃபா அவர்களின் முனைப்பால் 2002-ஆம் ஆண்டின் இறுதியில் பணி தொடங்கியது. தலைநகர் மனாமாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், முன்னர் ஒட்டகப் பண்ணை இருந்ததாகச் சொல்லப்படும் நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வடிவமைத்தவர் செருமானியக் கட்டடக்கலைஞர் ஹெர்மன் தில்கே. செலவு ஏறத்தாழ 15 கோடி அமெரிக்க டாலர். குறித்த நாளுக்குள் பணி முடியாதோ என்னும் அச்சத்தால் முதற்பந்தயத்தைத் தள்ளிவைக்க அமைப்பாளர்கள் வேண்டினர்; ஃபார்முலா ஒன் பந்தயங்களை ஆண்டுவந்த பெர்னி எக்கிள்ஸ்டன் இசையவில்லை. 2004 ஏப்ரல் 4 அன்று பந்தயம் நடந்தேறியது. ஃபெராரி தானுந்தை ஓட்டிய மைக்கேல் ஷூமாக்கர் வென்றார். ஐரோப்பாவில் வெற்றி மேடையில் மதுவைப் பீய்ச்சியடிப்பது வழக்கம். இங்கோ பன்னீரும் மாதுளையும் கலந்த மதுவற்ற பானம் பீய்ச்சப்பட்டது. நம் திருமண வீடுகளில் பன்னீர்ச் செம்பு கண்டவர்க்கு இக்காட்சி அயலாகத் தோன்றாது.

அரபு மண்ணில் நடந்த முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் இதுவென்று சிலர் எழுதுகின்றனர். அது பிழை. மேற்காசியாவில் இது முதலாவது என்பதே சரி. அரபு உலகில் உலகப் பட்டத்துக்குரிய முதலாவது பந்தயம் 1958 அக்டோபர் 19 அன்று மொராக்கோ நாட்டின் காசாபிளாங்கா நகரையொட்டி, ஐன் தியாப் என்னுமிடத்தில் நடந்தது. ஸ்டர்லிங் மோஸ் அதில் வென்றார். ஆயினும் ஒரே புள்ளி வேறுபாட்டில் அவ்வாண்டின் உலகப் பட்டம் மைக் ஹாதார்னுக்குச் சென்றது. அப்பந்தயத்தில் ஸ்டூவர்ட் லூயிஸ்-எவன்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞரின் தானுந்து தீப்பற்றியது. உடல் வெந்த அவர் ஆறாம் நாள் இறந்தார். ஐன் தியாபில் அதன்பின் ஃபார்முலா ஒன் பந்தயம் நடைபெறவில்லை. இந்நிகழ்ச்சியைப் படிப்போர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். சகீரின் கதையில் தீ மீண்டும் வரும்.

மணலோடு போர்

தடத்தின் நீளம் 5.412 கிலோமீட்டர், வளைவுகள் 15, பந்தயத்திற்கு 57 சுற்றுகள். தில்கே இதனை இரு பகுதியாகக் கருதினார். கட்டடங்களைச் சூழ்ந்த உட்பகுதி பசும்புல் வளர்த்த பாலைச்சோலை. வெளிப்பகுதி வெறும் பாலை. ஓட்டுநர் ஒவ்வொரு சுற்றிலும் சோலையை நீங்கிப் பாலைக்குச் சென்று மீள்கிறார். பொருள்வயிற் பிரிந்து மீளும் தலைவனை நாம் இங்கு நினைத்துக்கொண்டால் தில்கே பொறுத்துக்கொள்வார் என நம்புகிறோம்.

பாதையின் முதற்பகை மணல். தார்மீது படியும் மென்மணல் சக்கரத்தின் பிடிப்பைக் குறைக்கும். எந்திரத்துள் புகுந்தால் அதனைத் தேய்க்கும். இதனைத் தடுக்கத் தடத்தோரத்து மணலின் மீது ஒருவகைப் பசையைத் தெளித்து இறுக்கினர். ஆயினும் காற்றைப் பசையிட்டு நிறுத்த இயலாதன்றோ? 2009 பிப்ரவரியில் பயிற்சிக்கென வந்த குழுக்கள் மணற்புயலால் நாள் கணக்கில் வண்டியை வெளியே எடுக்க முடியாமல் இருந்தன.

பாதையின் மேற்பரப்புக்கு இடப்பட்ட கல் இன்னும் வியப்பூட்டுவது. கிரேவாக் என்னும் கடினமான கல், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டக் கல்லுடைப்பு ஒன்றிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டது. எளிதில் வழவழப்பாகாத கல் அது. சக்கரம் அதனை நன்கு பற்றும். பற்றுவதன் விலையாகச் சக்கரத்தின் ரப்பர் விரைந்து தேயும். எப்போது சக்கரம் மாற்றுவது என்னும் கணக்கே பல ஆண்டுகளில் இங்கு வெற்றி தோல்வியை முடிவு செய்துள்ளது. தில்கேயின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. அக்கல்லைக் கொதிக்கும் தாரோடு கலந்து வெயிலில் பரப்பியவர்களின் பெயர்களை எந்நூலும் குறிக்கவில்லை. வளைகுடாக் கட்டுமானங்களில் யார் கைகள் மிகுதி என்பது நம் ஊர்களுக்குத் தெரியாததன்று.

2010-இல் புதிய வளைவுகளைச் சேர்த்துத் தடத்தை 6.299 கிலோமீட்டராக நீட்டிப் பார்த்தனர். பந்தயம் சுவைகுன்றியது, மறுமுறை பழைய வடிவுக்கே திரும்பினர். 2014-இல் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி மின்விளக்குகள் நிறுவப்பட்டுப் பந்தயம் இரவுக்கு மாற்றப்பட்டது. அவ்விரவில் லூயிஸ் ஹாமில்டனும் நிக்கோ ராஸ்பெர்க்கும் ஒரே குழுவினராயிருந்தும் இறுதிவரை விட்டுக்கொடாமல் ஓட்டியதை இன்றும் பேசுவர். இரவுப் பந்தயத்தால் ஒரு புதுச் சிக்கலும் எழுந்தது. பகற்பயிற்சியில் கொதிக்கும் தடம் இரவில் குளிர்ந்துவிடுகிறது. பகலில் கற்றது இரவில் முழுமையாக உதவாது.

நோன்புக் காலத்தையும் அமைப்பாளர்கள் கருத்திற்கொள்ள வேண்டியுள்ளது. 2024-இல் பஹ்ரைனை அடுத்து வந்த சவூதிப் பந்தயத்தை ரமலானுக்கு முன்னரே முடிக்க வேண்டியிருந்தமையால், இரண்டும் வழக்கமான ஞாயிறை விட்டுச் சனிக்கிழமைகளில் நடைபெற்றன.

ஓடாத ஆண்டு

இத்தடத்தின் வரலாற்றில் மறைக்கத்தகாத பகுதி ஒன்றுண்டு. 2011 பிப்ரவரி 14 அன்று பஹ்ரைனில் அரசியல் சீர்திருத்தம் வேண்டிப் பெருங்கிளர்ச்சி எழுந்தது. முத்துச் சதுக்கம் எனப்பட்ட இடத்தில் மக்கள் திரண்டனர். கிளர்ச்சி அடக்கப்பட்டதில் உயிர்கள் பல போயின. மார்ச்சு மாதப் பந்தயம் நிறுத்தப்பட்டது. அக்டோபருக்கு மாற்றலாம் என்றனர், குழுக்கள் தயங்கின, அதுவும் கைவிடப்பட்டது. முத்தின் நினைவாகச் சதுக்கத்தில் நின்ற தூணும் அம்மார்ச்சிலேயே இடிக்கப்பட்டது.

2012-இல் எதிர்ப்புக்கிடையே பந்தயம் நடந்தது. ஃபோர்ஸ் இந்தியா குழுவினர் சென்ற வண்டி, கலகத்தின் நடுவே பெட்ரோல் குண்டு வீசப்பட்ட இடத்தில் சிக்கிக்கொண்டது. அக்குழுவினர் இருவர் நாடு திரும்பினர். பந்தயத்திற்கு முந்தைய நாள் போராட்டக்காரர் ஒருவர் இறந்து கிடந்தார். விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று அமைப்பாளர்கள் கூறினர். மணலைத் தடத்திற்கு வெளியே நிறுத்தப் பசை கண்டவர்கள் மக்கள் துயரையும் அவ்வாறே வெளியே நிறுத்திவிடலாம் என எண்ணினர் போலும். பந்தயம் நடந்தது கொண்டு நாட்டில் அமைதி நிலவியது எனக் கொள்ளுதல் வரலாறாகாது.

இருபத்தெட்டு நொடிகள்

2020 நவம்பர் 29. முதற்சுற்றிலேயே பிரெஞ்சு ஓட்டுநர் ரோமன் குரோழானின் தானுந்து மற்றொன்றோடு உரசித் திசைமாறி, மணிக்கு 190 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் இரும்புத் தடுப்பில் மோதியது. வண்டி இரண்டாகப் பிளந்தது. முற்பகுதி தடுப்பைக் கிழித்து உட்புகுந்து தீப்பிழம்பாயிற்று. அதனுள் அவர் இருந்தது ஏறத்தாழ 28 நொடிகள். மருத்துவர் இயன் ராபர்ட்ஸ் தீயை நெருங்கிச் சென்று அவரைப் பற்றி வெளியே இழுத்தார். கைகள் வெந்தன, உயிர் தப்பியது. ஓட்டுநரின் தலைக்கு மேல் வளைந்து நிற்கும் ஹேலோ என்னும் டைட்டானியக் காப்பு 2018-இல்தான் கட்டாயமாக்கப்பட்டது. அது வேண்டாவென்று முன்னர்க் கூறியவர்களுள் குரோழானும் ஒருவர். அது இல்லையேல் தாம் பிழைத்திருக்கமாட்டோம் என மருத்துவமனையிலிருந்தே அவர் ஒப்புக்கொண்டார். லூயிஸ்-எவன்ஸுக்குத் தீயைத் தாங்கும் உடையும் இல்லை, உடன் தொடரும் மருத்துவ வண்டியும் இல்லை. 1958-க்கும் 2020-க்கும் இடையில் மாண்ட பலரின் சாவிலிருந்து கற்கப்பட்டவையே அந்த 28 நொடிகளில் குரோழானைக் காத்தன.

அடுத்த வாரமே அதே தடத்தின் 3.543 கிலோமீட்டர் வெளிச்சுற்றில் சகீர் பந்தயம் என்னும் பெயரில் மற்றொன்று நடந்தது. முதற்சுற்றில் கடைசி இடத்திற்குத் தள்ளப்பட்ட செர்ஜியோ பெரெஸ் அதில் வென்றார்.

காண்போர்க்கு

நம்மவரும் இத்தடத்தில் ஓடியுள்ளனர். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் குழுவுக்காக வந்தார். மின்பழுதால் தொடக்கத்திலேயே நின்றார். 2012-இல் மீண்டும் வந்து முடிவுவரை ஓடினார். சென்னையின் கருண் சந்தோக் தம் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தை 2010-இல் இங்குதான் தொடங்கினார். அவருடைய வண்டி, தகுதிச்சுற்று நேரம் வரும்வரை ஓடும் நிலைக்கே வரவில்லை. பயிற்சியே இன்றி இறங்கியவர் தொடக்கத்திலேயே தடுக்கி நின்றதில் வியப்பில்லை.

பந்தயம் இல்லாத நாளிலும் தடத்தைச் சுற்றிக்காட்டுவர். சிறு வண்டிகளை ஓட்டிப்பார்க்கத் தனித்தடம் உண்டு. எனினும் அங்குச் செல்வோர் அருகிலுள்ளவற்றையும் காணுதல் வேண்டும் என்போம். ஜபல் துக்கான், அதாவது புகைமலை, 134 மீட்டர் உயரமே ஆயினும் அந்நாட்டின் மிக உயர்ந்த இடம். 1932-இன் எண்ணெய்க் கிணறும் அங்குள்ளது. அதற்கப்பால் மணல்மேட்டில் தனியே ஒரு மரம். உயிர்மரம் என்பர். நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது எனப்படும் அது, நம் வன்னியின் இனம் எனக் கூறப்படுகிறது. கண்ணுக்கெட்டிய தொலைவில் நீர்நிலை ஏதுமில்லை.

பஹ்ரைனில் உணவு வழங்கும் பணியிலிருந்த நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் துறைக்கு வந்திருந்தார். பந்தயம் எப்படி இருந்தது என ஆவலோடு கேட்டோம். மூன்று நாளும் பார்வையாளர் மேடைக்குப் பின்புறம் தட்டுகளைச் சுமந்ததாகவும், ஒலியைக் கேட்டதன்றி ஒரு வண்டியையும் கண்ணால் காணவில்லை என்றும் கூறிச் சிரித்தார். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப்பின் நண்பர்களோடு அம்மரத்தைக் காணச் சென்றிருக்கிறார். எடுத்த படத்தைக் காட்டினார். வேலிக்குப் பின்னே தாழ்ந்து பரந்த கிளைகள். சிறு சிறு இலைகள். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் நிற்கும் மரமேதான், ஐயா, என்றார்.