மறைச்சா போதுமா, பூட்டணுமா?

வீட்டு ஃபைல் சர்வரில் யார் எதைப் பார்க்கலாம்னு எப்படிக் கட்டுப்படுத்துறது? எபிசோடில் நேரம் பத்தலை, அதனால இங்கே எழுதுறேன். நான் பண்ணின தப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அம்மா திருச்சியிலிருந்து எர்லாங்கனுக்கு வந்திருந்தாங்க. ஊரில் அப்பாவுக்கு எடுத்த பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தம்பி எனக்கு அனுப்பியிருந்தான். இன்னொரு டாக்டரைக் கேட்கும்வரை அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்னு நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணோம். ரிப்போர்ட்டை சாம்பா சர்வரில் தனி ஷேராகப் போட்டு, "பிரவுசபிள் = நோ" என்று எழுதினேன். பட்டியலில் அது காணாமல் போச்சு. நிம்மதி.

பெர்க் திருவிழாவுக்குக் கிளம்பிக்கிட்டிருந்தோம். பேரன் போட்டோ பார்க்க டேப்லெட்டைத் திறந்த அம்மா, "அப்பா பேரைப் போட்டு பயாப்ஸின்னு இருக்கே, என்னடா இது?" என்றார். அந்த ஷேருக்கு நான் முன்னாடி சேமிச்ச ஷார்ட்கட் டேப்லெட்டிலேயே இருந்திருக்கு.

"பிரவுசபிள் = நோ" என்பது வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றி வைக்கிற மாதிரி. விலாசம் தெரிஞ்சவங்க நேரா உள்ளே வரலாம். விண்டோஸில் ஷேர் பெயருக்குப் பின்னால் டாலர் குறி போடுவதும் இதே கதைதான். டிவிக்கு வசதின்னு நான் "கெஸ்ட் ஓகே = யெஸ்" போட்டு, ஃபோல்டருக்கு 777 அனுமதியும் கொடுத்திருந்தேன். அதாவது, கதவே இல்லை.

சாம்பாவில் பூட்டு இரண்டு: ஒன்று சாம்பாவோடது, இன்னொன்று லினக்ஸ் ஃபைல் அனுமதி. இரண்டும் சம்மதிச்சாத்தான் உள்ளே போக முடியும். நான் சரி பண்ணின வரிசை இது:

1. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி யூசர். லினக்ஸில் உருவாக்கி, "எஸ்எம்பிபாஸ்வேர்ட்" கட்டளையால் சாம்பாவிலும் சேர்க்கணும்.

2. ஆட்களைக் குழுவாகப் பிரிக்கணும். ஷேரில் "கெஸ்ட் ஓகே = நோ"; "வேலிட் யூசர்ஸ்" வரியில் குழுவின் பெயர், அதற்கு முன் ஒரு அட் குறி.

3. ஃபோல்டரை அந்தக் குழுவுக்கு மாற்றி 2770 கொடுக்கணும். மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. முதல் 2 இருப்பதால் புது ஃபைல்களும் அதே குழுவுக்குப் போகும். குழுவில் எல்லாரும் எழுத, "கிரியேட் மாஸ்க்" 0660, "டைரக்டரி மாஸ்க்" 2770.

4. பொது ஷேருக்குள் சிலருக்கு மட்டுமான ஃபோல்டர் இருந்தால் "ஹைட் அன்ரீடபிள் = யெஸ்". படிக்க அனுமதி இல்லாதது கண்ணிலேயே படாது. ஆயிரக்கணக்கில் ஃபைல் இருந்தால் பட்டியல் மெதுவாகும்.

5. "டெஸ்ட்பார்ம்" ஓட்டி எழுத்துப்பிழை பாருங்க. பிறகு சாம்பாவை ரீஸ்டார்ட் பண்ணுங்க. வெறும் ரீலோட் பண்ணினால், ஏற்கெனவே உள்ளே இருக்கிறவங்க அப்படியே இருப்பாங்க.

சோதிக்கும்போது பட்டியலைப் பார்த்து ஏமாறாதீங்க. வேற ஒரு சாதனத்தில், பாஸ்வேர்ட் இல்லாமல், முழு முகவரியையும் டைப் பண்ணிப் பாருங்க. கதவு திறக்கக் கூடாது.

அன்னிக்கு நாங்க திருவிழாவுக்குப் போகலை. உட்கார்ந்து எல்லாத்தையும் அம்மாகிட்ட சொன்னேன். அந்த ஷேர் இப்போ சரியாகப் பூட்டியிருக்கு. அதன் "வேலிட் யூசர்ஸ்" வரியில் அம்மா பேரும் இருக்கு.

அடுத்த எபிசோடில் பேக்கப் பற்றிப் பேசுவோம்!